அந்த மூன்று நாட்கள்...

(மூன்றாம் ஆண்டு மாணவன், ஜவுளிப் பிரிவு)



மலருக்கு ஏதாவது எழுதித் தருகிறேன் என்று போய் நின்றபோது, நம் பேரவைச் செயலாளர் கையெடுத்துக் கும்பிட்டார். "கவிதை மட்டும் வேண்டாம்டா. ஏற்கெனவே ஒரு கட்டு வந்து கிடக்குது, அத்தனையும் காதல்!" என்றார். சரி, காதல் வேண்டாம். நான் ஒரு நாயைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். படித்து முடித்த பிறகு உங்கள் வீட்டு வாசலில் படுத்திருக்கும் ஜீவனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும். எழுதிய பலன் எனக்குக் கிடைத்துவிடும்.

என் அப்பா ஒரு பனியன் வேஸ்ட் குடோனில் இரவுக் காவல்காரர். கட்டிங் டேபிளில் விழுகிற துண்டுத் துணியெல்லாம் மூட்டை மூட்டையாக அங்கேதான் வந்து இறங்கும். நிறம் வாரியாகப் பிரிப்பார்கள். ஒரு பகுதி மறுபடியும் நூலாகப் போகும், இன்னொரு பகுதி மெஷின் துடைக்கப் போகும். குடோனை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு ரூம். அதுதான் எங்கள் வீடு. அம்மாவுக்குப் பக்கத்துக் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்க டிரிம்மரைப் பிடித்துப் பிசிறு வெட்டி வெட்டி, அம்மாவின் விரல்களில் எப்போதும் இரண்டு மூன்று கீறல் இருக்கும். இந்தக் கீறலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஒரு மார்கழி இரவில், வெள்ளை வேஸ்ட் மூட்டைக்குள்ளிருந்து 'குய் குய்' என்று சத்தம். அவிழ்த்துப் பார்த்தால் கறுப்பாக ஒரு குட்டி. "மூட்டையோட வந்துருச்சு, மூட்டையோடயா திருப்பி அனுப்பறது?" என்றார் அப்பா. அன்றிலிருந்து அது எங்கள் மணி. ஜாதி நாய் ஒன்றும் இல்லை, சுத்தமான தெரு நாட்டு நாய். ஆனால் எலி பிடிப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. வேஸ்ட் மூட்டை என்றால் எலிக்கு மெத்தை மாதிரி. ராத்திரிக்கு இரண்டு மூன்று எலியைப் பிடித்துக் கொண்டுவந்து அப்பாவின் கட்டிலுக்குக் கீழே வரிசையாக வைத்துவிடும். முதலாளியே ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "பூனைக்குச் சம்பளம் மிச்சம்!" என்று சிரித்தார். எங்களுக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமைக்குள்தான் ஆபத்தும் இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

முந்தின வருஷம் ஐப்பசி. தீபாவளிக்கு முந்தின வாரம். திருப்பூரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போனஸ் கைக்கு வந்ததும் வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறிவிடுவார்கள், கம்பெனிகள் சாத்திவிடும், ஊரே காலியாகிவிடும். அந்த வாரம் பார்த்து நல்ல மழை. குடோனுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் சாக்கடைத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து முழங்கால் அளவுக்கு நின்றது. குப்பை அள்ளவில்லை. எலி வளைகளில் தண்ணீர் புகுந்து எலியெல்லாம் குடோனுக்குள் வந்துவிட்டன. மணிக்கு வேட்டையோ வேட்டை! அந்தத் தண்ணீரில் இறங்கித் துரத்தியது, தாகம் எடுத்தால் அதையே நக்கிக் குடித்தது.

முதல் நாள் சோறு தின்னவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. பின்னங்காலை ஊன்ற முடியாமல் சாய்ந்து சாய்ந்து நடந்தது. "மூட்டை மேலிருந்து குதிச்சுச் சுளுக்கிக்கிச்சு" என்றார் அப்பா. தன் மூட்டுவலிக்கு வைத்திருந்த மாத்திரையில் பாதியை உடைத்து, வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தார்.

இரண்டாம் நாள் வாந்தி. சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தது, குடித்ததையெல்லாம் கக்கியது. பக்கத்து நிட்டிங் கம்பெனி அண்ணன் எட்டிப் பார்த்து, "சாயத் தண்ணியக் குடிச்சிருக்குமுங்க. வேற என்ன?" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். நம்ம ஊரில் எதற்கும் அதுதானே பதில்! எங்களுக்கும் சரியென்றே பட்டது. மோர் கொடுத்தோம். அப்பா இன்னொரு பாதி மாத்திரை கொடுத்தார்.

மூன்றாம் நாள் எழுந்து போய் அருகம்புல்லைக் கடித்தது. "பாரு, அதுக்கே வைத்தியம் தெரியும். இன்னிக்கு ஒருநாள் பொறுத்துப் பாப்போம்" என்றார் அப்பா. தீபாவளி நேரம், எங்கே தூக்கிக்கொண்டு அலைவது என்று நானும் பேசாமல் இருந்தேன். ஆமாம், நானும்தான். அப்பாவை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

நான்காம் நாள் காலையில் அம்மாதான் கண்டுபிடித்தாள். ஈறும் கண்ணின் வெள்ளையும் மஞ்சள் பூத்துக் கிடந்தன. "நேத்து மத்தியானத்துல இருந்து அது ஒண்ணுக்குப் போகலீங்க" என்றாள். டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் அப்பா ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து, மணியைப் பனியன் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனோம்.

கால்நடை டாக்டரம்மா மணியைத் தொடுவதற்கு முன்னால் கையுறையை மாட்டிக்கொண்டார். பிறகு நான்கே கேள்வி கேட்டார்.

"எலி பிடிக்குமா?"

"ஆமாங்க, அதுல கில்லாடிங்க" என்றார் அப்பா, அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையோடு.

"தேங்கின தண்ணியில இறங்குச்சா?"

"ஆமாங்க."

"வெறிநாய்க்கடி ஊசி தவிர வேற தடுப்பூசி போட்டிருக்கீங்களா?"

"இல்லீங்க. அது ஒண்ணுதாங்க, முகாம்ல போட்டது."

"நீங்களா ஏதாச்சும் மாத்திரை குடுத்தீங்களா?"

அப்பா பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்த மாத்திரைப் பட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிரியாட்டினின் 6.8. நாய்க்கு அது சாதாரணமாக ஒன்றரைக்குள் இருக்க வேண்டும். "இது எலிக்காய்ச்சல் மாதிரிதான் தெரியுது. கிட்னியையும் கல்லீரலையும் பிடிச்சிருச்சு. வேற ஊருக்கு ரத்தம் அனுப்பி உறுதி பண்ணலாம். ஆனா ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. இப்பவே ஆரம்பிக்கணும்" என்றார் டாக்டரம்மா.

நண்பர்களே, அன்றைக்கு அவர் சொன்னதையும் பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்த நோய்க்குக் காரணம் லெப்டோஸ்பைரா என்ற கிருமி. திருகாணி மாதிரிச் சுருண்டு, நெளிந்து நெளிந்து நீந்தும். எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும், ஆனால் எலிக்கு ஒன்றும் ஆகாது! அது பாட்டுக்கு வாழ்நாள் முழுக்க மூத்திரத்தில் கிருமியை விட்டுக்கொண்டே திரியும். தேங்கிய தண்ணீரிலும் ஈர மண்ணிலும் அந்தக் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெயிலில் காய்ந்தால் செத்துவிடும். தோலில் சின்னக் கீறல், கண், மூக்கு, வாய் எது கிடைத்தாலும் உள்ளே நுழைந்துவிடும். முதலில் ரத்தத்தில் ஓடும். அதுதான் காய்ச்சலும் தசைவலியும். மணியின் கால் சாய்ந்தது சுளுக்கினால் அல்ல. பிறகு சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய் உட்கார்ந்துவிடும்.

இது புதிய நோயும் அல்ல. 1898-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து நாய்கள் இப்படித்தான் வாந்தியெடுத்து, சிறுநீரகம் கெட்டுச் செத்தன. 'ஸ்டுட்கார்ட் நோய்' என்றே அதற்குப் பெயர் வந்தது. மனிதர்களுக்கு மஞ்சள் காமாலையோடு வரும் இதே நோயை 1886-லேயே வைல் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்திருந்தார். ஆனால் கிருமி எதுவென்று தெரிய 1915 வரை ஆனது. ஜப்பானில் இனாடா, இடோ என்ற இரு மருத்துவர்கள்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். நம் பக்கத்திலேயே பார்த்தால், 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் எலிக்காய்ச்சல் பரவியது. வெள்ளத் தண்ணீரில் இறங்கியவர்களுக்கு அரசாங்கமே டாக்ஸிசைக்ளின் மாத்திரையை விநியோகித்தது. சென்னை மாதவரத்தில் நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இந்த நோய்க்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. இவ்வளவு இருந்தும், எலியோடு எலியாக வாழ்கிற எங்கள் குடோனில் ஒருவருக்கும் தெரியவில்லை!

சிறுநீரகம் என்றால் என்ன என்பது எனக்குப் புரிந்த விதத்தையும் சொல்கிறேன். அந்த வருஷம்தான் எங்கள் வகுப்பைச் சாய ஆலைக் கழிவு சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன கதை நமக்குத் தெரியும். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல், ஆர்.ஓ. மெம்பரேனில் வடிகட்டித் தண்ணீரைத் திரும்ப எடுத்தால்தான் ஓட்டலாம் என்று ஆனது. நம் உடம்பு அந்த வேலையை எப்போதோ செய்துவிட்டது! மனிதனுடைய சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது. அதில் வெளியே போவது ஒன்றிரண்டு லிட்டர்தான். மீதி அத்தனையையும் திருப்பி எடுத்துக்கொள்கிறது. மெம்பரேன் அடைத்துக்கொண்டால் பிளாண்ட்டில் என்ன நடக்குமோ, அதுதான் மணிக்கு நடந்தது. பிளாண்ட் என்றால் மெம்பரேனை மாற்றலாம். இதற்கு மாற்று இல்லை. இன்னொரு கொடுமை, முக்கால் பங்கு வேலை போன பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் கணிசமாக ஏறிக் காட்டும். அதுவரை வெளியே தெரியாது.

அந்த வலி மாத்திரை விஷயம். சிறுநீரகம் தவிக்கும்போது அதற்குப் போகும் ரத்தத்தைக் காக்கிற ஒரு ஏற்பாடு உடம்பில் உண்டு. நாம் மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரைகள் பல அந்த ஏற்பாட்டையே நிறுத்திவிடும். பாறு கழுகுகள் நாடு முழுக்க அழிந்ததும் இப்படித்தான். மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006-ல் தடை செய்தார்கள். நமக்கு வடக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கிற கழுகுகள் அந்தக் கதையில் தப்பியவை. மனுஷனுக்கு மருந்து, நாய்க்கு நஞ்சு. அப்பா கொடுத்தது கெட்ட எண்ணத்தில் அல்ல. தன் வலிக்கு வைத்திருந்ததைத்தான் பங்கு வைத்தார். டாக்டரம்மாவும் அவரைத் திட்டவில்லை. "இனிமே குடுக்காதீங்க" என்று மட்டும் சொன்னார். அது திட்டியதைவிட அதிகமாக வலித்தது.

"சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில நாய்க்கே டயாலிசிஸ் பண்றாங்க. ஆனா இந்த நிலைமையில அவ்வளவு தூரம் தாங்காது. இங்கேயே டிரிப் போட்டுப் பாப்போம். அஞ்சு நாளாவது ஆகும், செலவும் ஆகும். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

அப்பாவின் போனஸ் கவரில் இருந்தது என் செமஸ்டர் பீஸ். வீட்டுக்கு வந்து மூவரும் உட்கார்ந்தோம். அப்பா என் முகத்தைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அம்மாதான் எழுந்து கவரை எடுத்து என் கையில் வைத்தாள். "பீஸுக்கு லேட்டாப் போனா பைன் கட்டிக்கலாஞ் சாமி. உசுரு போனா எந்த ஆபீஸ்ல போயிப் பைன் கட்டுவ?" என்றாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

வாந்தி நிற்கும் வரை பென்சிலின் வகை ஊசி. நின்ற பிறகு இரண்டு வாரம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை. ஊசி ரத்தத்திலிருக்கும் கிருமியைக் கொல்லும். சிறுநீரகத்தில் பதுங்கியிருப்பதை விரட்ட இந்த மாத்திரைதான் வேண்டுமாம். கூடவே டிரிப். இதில் ஒரு சிக்கல். மூத்திரம் வராத நாய்க்கு டிரிப்பை ஏற்றிக்கொண்டே போனால் நுரையீரலில் தண்ணீர் கோத்துவிடும். எவ்வளவு வெளியே வருகிறதோ அதைப் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும். "ராத்திரி எவ்வளவு போச்சுன்னு அளந்து சொல்ல முடியுமா தம்பி?" என்று கேட்டார்.

அங்கேதான் நம் படிப்பு உதவியது, நண்பர்களே! ஜி.எஸ்.எம். பார்க்கத் துணியை எடை போடுகிறோமே, அதே வேலை. நண்பனின் நிட்டிங் கம்பெனியிலிருந்து சின்ன எலெக்ட்ரானிக் தராசை இரவல் வாங்கி வந்தேன். வெள்ளைக் கட்டிங் வேஸ்ட்டைக் காய்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொண்டு, மணிக்குக் கீழே விரித்தேன். நனைந்ததும் கையுறை போட்டு எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு மறுபடி எடை. வித்தியாசம் எத்தனை கிராமோ, ஏறக்குறைய அத்தனை மில்லி. மணியின் எடை 18 கிலோ. கிலோவுக்கு மணிக்கு ஒரு மில்லியாவது போக வேண்டும் என்று கணக்கு. பத்து மணி நேர இரவுக்கு 180 மில்லி.

முதல் இரவு 46. இரண்டாம் இரவு 70. அப்பா காவல் வேலைக்கு நடுவில் மணிக்கொரு தரம் வந்து, "எவ்வளவுடா?" என்று கேட்டுவிட்டுப் போவார். மூன்றாம் இரவு விடியற்காலையில் தராசு 210 காட்டியது. ஒருநாளும் இப்படி ஒரு பாசில் எனக்குக் கிடைத்ததில்லை! ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான்காம் இரவு துணி போதவில்லை, வெள்ளமாகப் போனது. அது நல்ல அறிகுறிதான் என்றார் டாக்டரம்மா. ஆனால் போகிற அளவுக்கு ஈடுகட்டித் தண்ணீர் ஏற்ற வேண்டியிருந்தது. ஐந்தாம் நாள் கிரியாட்டினின் 4.1.

இனி அந்தக் கீறல் விஷயம். டாக்டரம்மா முதல் நாளே, "வாந்தியையும் மூத்திரத்தையும் யாரு கழுவினது?" என்று கேட்டிருந்தார். அம்மாதான், வெறும் கையால். "காய்ச்சல் வந்தா ஒருநாளும் தள்ளிப் போடாதீங்க. டாக்டர்கிட்ட நாய் விஷயத்தையும் சொல்லிடுங்க" என்று எழுதியே கொடுத்தார். தீபாவளி முடிந்த அடுத்த வாரம் அம்மாவுக்குக் குளிர்க்காய்ச்சல். கெண்டைக்கால் வலி தாங்கவில்லை, கண் சிவந்துவிட்டது. வேறு சமயமாக இருந்தால் மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போயிருப்பாள். இந்தத் தடவை அந்தச் சீட்டோடு நேரே அரசு மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் படித்துப் பார்த்துவிட்டு, சந்தேகத்தின் பேரிலேயே அன்றைக்கே டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்துவிட்டார். ஐந்தாம் நாள் அம்மா எழுந்து உட்கார்ந்து, "மணிக்குச் சோறு வெச்சியா?" என்று கேட்டாள். அது எலிக்காய்ச்சல்தானா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் மணி நோயில் விழுந்து எங்களுக்கு எச்சரிக்கை கொடுத்தது என்றே நான் நம்புகிறேன்.

மணி பிழைத்தது. ஆனால் பழைய மணி திரும்பவில்லை. கிரியாட்டினின் 2.3-க்குக் கீழே இறங்கவே இல்லை. போனது போனதுதான். எலும்பு கூடாது, உப்புக் கூடாது. பச்சரிசிச் சோறும் முட்டை வெள்ளைக்கருவும், எந்நேரமும் சட்டி நிறையத் தண்ணீரும். எலியைக் கண்டால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். அப்பா மூட்டுவலிக்கு மாத்திரைப் பட்டையை எடுக்கும்போதெல்லாம் ஒருதடவை அதைப் பார்ப்பார். ஒரு வருஷமும் நாலு மாதமும் எங்களோடு இருந்து, இந்த மாசியில் ஒரு விடியற்காலையில் போய்விட்டது. குடோன் வேப்பமரத்தடியில் புதைத்தோம். முதல் நாளே போயிருந்தால் இன்னும் இருந்திருக்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "சீக்கிரம் வந்த நாய்ங்க நிறையப் பிழைச்சிருக்கு" என்றார். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

சாய ஆலைக் கழிவு பாவம் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. நொய்யல் ஆறே அதற்குச் சாட்சி. ஆனால் எல்லாப் பழியையும் அதன்மேல் போட்டுப் பழகிவிட்டதால், காலடியில் கிடந்த குப்பையும் தேங்கின தண்ணீரும் எலியும் எங்கள் கண்ணில் படவில்லை. மூன்று நாள் போனது அதனால்தான்.

நாய் வளர்க்கும் தோழர்களே, தோழியரே! குட்டிக்கு எட்டு ஒன்பது வாரமானதும் எலிக்காய்ச்சல் சேர்ந்த தடுப்பூசியைப் போடுங்கள். சில வாரம் கழித்து இரண்டாவது ஊசி, பிறகு வருஷா வருஷம். கிருமியில் பல வகை உண்டு, எல்லாவற்றையும் ஊசி தடுக்காது. அதனால் எலியையும் தண்ணீரையும் கவனியுங்கள், கழுவும்போது கையுறையும் பிளீச்சிங் பவுடரும் வேண்டும். உண்ணி மொய்க்க விடாதீர்கள். உண்ணிக் காய்ச்சலும் மெதுவாகச் சிறுநீரகத்தைக் கெடுத்து, மூத்திரத்தில் புரதத்தைக் கசிய விடும். சோறு தின்னாமல் வாந்தி எடுக்கிறதா, ஓயாமல் தண்ணீர் குடிக்கிறதா, ஒன்றுக்குப் போவது கூடியதா குறைந்ததா, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே கிளம்புங்கள். நம் மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள்.

இப்போது குடோனில் ஒரு செவலைக் குட்டி ஓடித் திரிகிறது. முருகன் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் அதன் தடுப்பூசிப் புத்தகத்தை அப்பா மாட்டி வைத்திருக்கிறார். அடுத்த ஊசித் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார். போன வாரம் பக்கத்து நிட்டிங் கம்பெனி அண்ணன் வந்து, "நம்ம நாயி காலையில இருந்து திங்க மாட்டீங்குதுங்க. ரெண்டு நாள் பொறுத்துப் பாக்கலாங்களா?" என்று கேட்டார்.

அப்பா பதில் சொல்லவில்லை. எக்ஸ்எல் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.